பொது நூலகத்துக்கு வந்த தகவல் களஞ்சியம்

அமெரிக்காவின் ஒரு சிறு நகரத்தில் நீங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1970. உங்கள் தெருக் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை காணப்படுகிறது. குடிநீரில் ஃப்ளோரைடு உப்பு அளவுக்கு மீறினால் இப்படி ஆகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறீர்கள். எவ்வளவு இருந்தால் தீங்கு? அதை நீரிலிருந்து நீக்க வழி உண்டா? உண்டானால் செலவு என்ன? இவற்றையெல்லாம் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகள் பல் மருத்துவ ஏடுகளிலும் பொறியியல் ஏடுகளிலும் அச்சாகியும் விட்டன. ஆனால் எந்த ஏட்டில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில்?

நகர நூலகத்துக்குப் போகிறீர்கள். அங்கே 'ரீடர்ஸ் கைடு' என்னும் பெரிய அட்டவணை நூல் இருக்கிறது. வில்சன் என்னும் பதிப்பகம் 1901 முதல் வெளியிட்டு வருவது அது. பொதுமக்கள் படிக்கும் சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளை அதில் தேடலாம். பல் மருத்துவ ஏடுகள் அதில் இல்லை. மருத்துவ ஏடுகளுக்கென்று 1879 முதலே 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அட்டவணை உண்டு. அதை வாங்கும் வசதி சிறு நகர நூலகத்துக்கு ஏது? பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குப் பேருந்து ஏறினால்தான் ஆயிற்று. போனாலும், ஆண்டுக்கு ஒரு தொகுதியாகப் பத்து இருபது தொகுதிகளை விரல் தேயப் புரட்ட வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவனுக்குக் கிடைக்கும் தகவல் தெருவில் இருப்பவனுக்கும் கிடைக்க என்ன செய்யலாம்? இக்கேள்வி நூலகத் துறையை ஒன்றரை நூற்றாண்டாக வாட்டி வருகிறது. பொறி சம்பந்தப்பட்ட பாதிக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது. பணம் சம்பந்தப்பட்ட பாதியோ இன்னும் வழக்கில்தான் இருக்கிறது.

ஐம்பது நூலகங்கள் பங்கிட்ட வேலை

கணிப்பொறி வருவதற்கு வெகுகாலம் முன்பே, 'பகிர்ந்துகொண்டால் முடியும்' என்பதைக் காட்டியவர் வில்லியம் ஃப்ரெடரிக் பூல். யேல் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, அங்கிருந்த மாணவர் சங்கம் ஒன்றின் நூலகத்தை அவர் கவனித்து வந்தார். சொற்போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்கள் செய்தி தேடி அலைவார்கள். அவர்களுக்கு வேண்டிய கட்டுரைகளோ அலமாரியில் கட்டி வைத்த பழைய சஞ்சிகைகளில் தூங்கிக்கொண்டிருக்கும். பூல் அந்தச் சஞ்சிகைகளைப் புரட்டிப் பொருள்வாரியாக ஓர் அட்டவணையைக் கையால் எழுதி வைத்தார். அதற்கு இருந்த தேவையைக் கண்டு, 1848இல் 154 பக்கப் புத்தகமாக அச்சிட்டார்கள்.

1853இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பிறகு சஞ்சிகைகள் பெருகின. ஒரு மனிதர் புரட்டித் தீராத அளவுக்குப் பெருகின. 1876இல் பிலடெல்பியாவில் கூடிய நூலகர்கள் (அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்த கூட்டம் அதுவே) ஒரு யோசனை செய்தார்கள். ஒரு நூலகம் ஓரிரு சஞ்சிகைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளட்டும். வகுத்த விதிப்படி அட்டவணை எழுதி அனுப்பட்டும். பூலும் அவருடைய துணைவர் ஃப்ளெட்சரும் ஒன்றுசேர்க்கட்டும். ஏறத்தாழ ஐம்பது நூலகங்கள் முன்வந்தன. 1882இல் 232 சஞ்சிகைகளை உள்ளடக்கிய பெருந்தொகுதி வெளிவந்தது. வேலையில் பங்கு கொண்ட நூலகம் ஓரிரு சஞ்சிகைகளுக்கு உழைத்து, 232 சஞ்சிகைகளுக்கான திறவுகோலைப் பெற்றது. பின்னாளில் கணிப்பொறியைக் கொண்டு நடந்த எல்லா ஏற்பாடுகளுக்கும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

உரையாடும் பொறி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெள்ளமாய்ப் பெருகின. கலிபோர்னியாவில் விமானமும் ஏவுகணையும் செய்த லாக்ஹீட் நிறுவனத்தில் ஒரு கசப்பான வேடிக்கைப் பேச்சு வழங்கியதாம்: ஓர் ஆராய்ச்சி ஏற்கெனவே நடந்திருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பதைவிட, அதை மறுபடி செய்துவிடுவதே மலிவு என்று. அங்கே பணியாற்றிய ரோஜர் சம்மிட் இதற்கு ஒரு வழி காண முனைந்தார். 1960களின் நடுவில் அவர் குழு உருவாக்கிய தேடும் ஏற்பாட்டுக்கு 'டயலாக்' என்று பெயர். டயலாக் என்றால் உரையாடல்.

பெயர்க் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1964லேயே மருத்துவ அட்டவணையைக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டது. ஆனால் அதில் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடை வரச் சில வாரங்கள் ஆகும். வந்த விடையில் பயனற்ற கட்டுரைகள் நிறைந்திருந்தால், கேள்வியைத் திருத்தி மீண்டும் அனுப்பி மீண்டும் காத்திருக்க வேண்டும். டயலாக்கிலோ, கேள்வியைத் தட்டச்சு செய்த சில விநாடிகளில் "இத்தனை கட்டுரைகள் உள்ளன" என்று பதில் வரும். மிகுதியாக இருந்தால் குறுக்கலாம். குறைவாக இருந்தால் விரிக்கலாம். கடைக்காரரிடம் பேசிச் சாமான் வாங்குவது போல.

இவ்வளவு விரைவு எப்படிக் கைகூடியது? பத்து லட்சம் கட்டுரைக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால் கணிப்பொறிக்கும் நேரம் ஆகும். ஆகவே முன்கூட்டியே வேறொரு பட்டியலைத் தயாரித்து வைத்துவிடுகிறார்கள். பாடப் புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது போன்றதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அச்சொல் வரும் கட்டுரைகளின் எண்கள் இருக்கும். 'ஃப்ளோரைடு' என்பதற்கு எதிரே 12, 40, 77, 103 என்றும், 'குடிநீர்' என்பதற்கு எதிரே 9, 40, 103, 215 என்றும் இருப்பதாகக் கொள்வோம். "இரண்டும் வேண்டும்" என்று நீங்கள் கேட்டால், இரு வரிசைகளுக்கும் பொதுவான 40, 103 ஆகியவை மட்டும் நிற்கும். "ஏதேனும் ஒன்று போதும்" என்றால் 9, 12, 40, 77, 103, 215 என்று ஆறும் வரும். பள்ளிக் கணிதத்தில் நீங்கள் படித்த கணங்களின் வெட்டும் சேர்ப்பும்தான் இவை. ஜார்ஜ் பூல் என்னும் கணித மேதை 1854இல் வெளியிட்ட தர்க்க இயற்கணிதம் இப்படி நூலக மேசைக்கு வந்து சேர்ந்தது. (அட்டவணை செய்த பூல் வேறு, இயற்கணிதம் செய்த பூல் வேறு. ஆங்கிலத்தில் எழுத்து வேறுபடும். தமிழில்தான் இந்தச் சங்கடம்.)

1960களின் இறுதியில் நாசா இம்முறையைத் தன் அறிக்கைகளைத் தேடப் பயன்படுத்தியது. 1972இல் லாக்ஹீட் இதைப் பணம் செலுத்தும் எவருக்கும் திறந்துவிட்டது. முதலில் ஏற்றப்பட்டவற்றில் 'எரிக்' என்னும் கல்வித் துறைக் களஞ்சியம் ஒன்று. அது 1966 முதல் அமெரிக்க அரசின் பணத்தில் தொகுக்கப்பட்டு வந்தது. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சண்டைக்கு இது வேண்டும்.

இதே காலத்தில் ஓஹியோ மாநிலத்தில் நூற்பட்டியல் துறையிலும் ஒரு புரட்சி நடந்தது. ஒரே புத்தகத்துக்கு நூறு நூலகங்கள் நூறு முறை பட்டியல் அட்டை எழுதுவானேன் என்று கேட்டார் ஃப்ரெடரிக் கில்கோர். 1971 ஆகஸ்டு 26 அன்று ஓஹியோ பல்கலைக்கழக நூலகத்தில் தொலைபேசிக் கம்பி வழியே பொதுக் கணிப்பொறியில் பட்டியலிடும் வேலை தொடங்கியது. முதல் நாள் 133 புத்தகங்கள். ஒரு நூலகம் பதிந்த குறிப்பை மற்றவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்று ஓ.சி.எல்.சி. என்று உலகெங்கும் அறியப்படும் அமைப்பு அதுவே.

நான்கு நூலகங்களில் ஒரு சோதனை

டயலாக்கின் வாடிக்கையாளர்கள் யார்? பெரும் நிறுவனங்கள், அரசுத் துறைகள், பல்கலைக்கழகங்கள். சாதாரண மனிதன் தன் ஊர் நூலகத்தில் இதைப் பயன்படுத்துவானா? அவனுக்கு இது தேவைப்படுமா? சோதித்துப் பார்க்க அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்தது. 1974இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நான்கு பொது நூலகங்களில் முனைப் பொறிகள் வைக்கப்பட்டன.

அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி. தொலைபேசியின் கைப்பிடியை அதனுடன் இணைந்த இரண்டு ரப்பர் குழிகளில் பதித்து வைக்க வேண்டும். எழுத்துகள் ஒலியாக மாறிக் கம்பியில் போகும். விடை ஒலியாக வந்து எழுத்தாகும். விநாடிக்கு 30 எழுத்துகள். ஒரு பக்க அளவு விடை அச்சாக ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அத்தனை நேரமும் கட்டண மீட்டர் ஓடும். களஞ்சியத்தைப் பொறுத்து மணிக்கு 25 டாலர் முதல் அதைப்போல் பல மடங்கு வரை. எனவே வாசகரைப் பொறியில் உட்கார விடமாட்டார்கள். பயிற்சி பெற்ற நூலகர் முதலில் வாசகரிடம் விசாரித்து, எந்தச் சொற்களை எப்படி இணைப்பது என்று தாளில் எழுதித் திட்டமிட்டு, பிறகே தொலைபேசியைச் சுழற்றுவார். இந்த முன்விசாரணை ஓர் அருமையான கலை. "தண்ணீரைப் பற்றி ஏதாவது வேண்டும்" என்று வந்தவர், பத்து நிமிடப் பேச்சுக்குப் பின் தமக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று தாமே கண்டுகொள்வார். பிற்காலத்தில் வாசகர் கையிலேயே பொறி வந்தபோது நாம் இழந்தது இது என்பது என் கருத்து.

முதல் ஆண்டு சேவை இலவசம். மக்கள் வந்தார்கள், அவர்களுக்குத் தேவை இல்லை என்ற ஐயம் தீர்ந்தது. அடுத்து, செலவில் ஒரு பகுதியை வாசகரே தர வேண்டும் என்றார்கள். தேடல்களின் எண்ணிக்கை விழுந்தது.

இங்கேதான் சண்டை மூண்டது. ஒரு சாரார் சொன்னார்கள்: புத்தகத்தை ஒருவர் படித்தபின் இன்னொருவர் படிக்கலாம்; ஆனால் ஒருவருக்காகச் செய்த தேடல் அவரோடு முடிந்துவிடுகிறது. அவருக்காகச் செலவான பணத்தை ஊர் ஏன் தர வேண்டும்? நகல் எடுக்கக் காசு வாங்குகிறோமே, அது போல வாங்கினால் என்ன? சேவையே இல்லாமல் போவதைவிடக் கட்டணச் சேவை மேலன்றோ? மறுசாரார் கேட்டார்கள்: அகராதியைப் புரட்டக் காசு வாங்குகிறோமா? நூலகர் அரை மணி நேரம் தேடித் தந்தால் அதற்குக் காசு வாங்குகிறோமா? மேலும், இக்களஞ்சியங்களில் பல வரிப்பணத்தில் தொகுத்தவை. எரிக்கும் மருத்துவக் களஞ்சியமும் மக்கள் ஒருமுறை விலை கொடுத்து வாங்கியவை. அவற்றைப் பார்க்க மறுபடி காசா? 1977இல் ஃபே பிளேக், ஈடித் பெர்ல்மட்டர் என்னும் இருவர் நூலகர்களின் ஏடான 'லைப்ரரி ஜர்னல்' இதழில் கட்டண மோகத்தைக் கடுமையாகச் சாடினார்கள். அதே ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கம், பொதுப் பணத்தில் நடக்கும் நூலகங்கள் தகவல் சேவைக்குக் கட்டணம் வாங்குவது பாகுபாடு செய்வதாகும் என்று தீர்மானம் போட்டது.

தீர்மானம் போட்டால் பணம் வந்துவிடுமா? பல நூலகங்கள் கட்டணம் வாங்கின. இன்னும் பல, சேவையையே தொடங்கவில்லை. இரு சாராரும் கொள்கை பேசினார்கள். ஆனால் உண்மையான முட்டுக்கட்டை நிமிடக் கணக்கில் விற்கும் முறைதான். நிமிடத்துக்கு விலை இருக்கும்வரை இலவசம் என்பது அடியற்ற பானை.

மீட்டர் நின்றது

முதலில் வந்தது தட்டு. 1985இல் 'இன்ஃபோட்ராக்' என்னும் சஞ்சிகை அட்டவணை, பெரிய லேசர் தட்டில் நூலகங்களுக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்து அதனினும் சிறிய குறுந்தகடு. உள்ளங்கை அளவுத் தகட்டில் இரண்டு லட்சம் பக்கங்களுக்கு மேல் எழுத்தை அடைக்கலாம். தொலைபேசி வேண்டாம், மீட்டர் இல்லை, ஆண்டுச் சந்தா கட்டிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் தேடலாம். வாசகர்கள் தாங்களே பொறியின் முன் உட்கார்ந்தார்கள். ஆனால் புதிய தகடு வரும்வரை செய்தி பழையது. ஒரு சமயத்தில் ஒரு தகட்டை ஒருவரே பார்க்க முடியும். ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே வாங்க வேண்டும். பணமுள்ள ஊர் வாங்கியது.

பிறகு இணையம். 1994இல் அமெரிக்கப் பொது நூலகங்களில் ஐந்தில் ஒன்றே இணையத்தில் இணைந்திருந்தது. ஆறே ஆண்டுகளில், 2000இல், இணையாத நூலகத்தைக் காண்பது அரிதாயிற்று. இணையம் வந்ததும் களஞ்சியத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஒரு மாநிலம் முழுவதற்கும் திறந்துவிட முடிந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் கதையைப் பார்ப்போம். பெரிய பல்கலைக்கழக நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஏடுகள். சிற்றூர்க் கல்லூரியில் ஒருசில. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க, ஆளுநர் ஜெல் மில்லர் காலத்தில், மாநில லாட்டரி வருமானத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஒதுக்கினார்கள். 1995 செப்டம்பரில் 'கலிலியோ' என்ற பெயரில் ஏற்பாடு தொடங்கியது. முதலில் கல்லூரிகளுக்கு. அடுத்த சில ஆண்டுகளில் பொது நூலகங்களும் பள்ளிகளும் சேர்ந்தன. லாட்டரிச் சீட்டு வாங்குவோரில் ஏழைகளும் ஏராளம். அவர்கள் பணத்தில் வாங்கிய களஞ்சியத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது நியாயந்தான். ஓஹியோ முதலிய வேறு மாநிலங்களும் அதே காலத்தில் தத்தம் பொது நூலகங்களுக்கு இத்தகைய ஏற்பாடுகளைச் செய்தன.

விற்பவர் இதற்கு ஏன் சம்மதிக்கிறார் என்று கேட்பீர்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஒவ்வொரு பிரதிக்கும் காகிதச் செலவு உண்டு. களஞ்சியத்துக்கோ தொகுப்பதுதான் செலவு; பத்தாயிரம் பேருக்குப் பதில் பத்து லட்சம் பேர் பார்த்தால் கூடுதல் செலவு சொற்பம். சிற்றூர் நூலகம் தனியே ஒருநாளும் வாங்கப் போவதில்லை. மாநில அரசு ஒரே காசோலையில் மொத்தமாகத் தருவதை வாங்கிக்கொள்வது விற்பவருக்கும் இலாபம். நூறு நூலகங்கள் தனித்தனியே பேரம் பேசுவதற்குப் பதில் ஒருவர் பேசினால் விலையும் படியும். பார்ப்பவர் உள்ளூர்க்காரர்தானா என்று தெரிந்துகொள்ளக் கணிப்பொறியின் இணைய எண்ணைப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்து வந்தால் நூலக அட்டை எண்ணைக் கேட்பார்கள். அவ்வளவே.

இன்னும் துணிந்த நாடு ஐஸ்லாந்து. அங்கே மக்கள் தொகை மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த காலம். 1999இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு நாடு முழுவதற்குமாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பின்னர் ஆராய்ச்சி ஏடுகளையும் சேர்த்தார்கள். நூலக அட்டைகூட வேண்டாம். ஐஸ்லாந்தின் இணையத்தில் இருக்கும் எவரும் படிக்கலாம்.

சந்தா நின்றால்?

இதில் ஒரு கண்ணியும் உண்டு. பூலின் 1882ஆம் ஆண்டுத் தொகுதியை வாங்கிய நூலகத்தில் அது இன்றும் அலமாரியில் இருக்கலாம். களஞ்சியத்தை நூலகம் வாங்குவதில்லை. பார்க்கும் உரிமையை ஆண்டுதோறும் வாடகைக்கு எடுக்கிறது. பல ஒப்பந்தங்களில், வாடகை நின்ற மறுநாள் நேற்றுவரை படித்த கட்டுரையும் மறைந்துவிடும். விற்பவர்களும் சிலராய்ச் சுருங்கிவிட்டனர். டயலாக்கை லாக்ஹீட் 1988இல் விற்றுவிட்டது; அது பல கைகள் மாறியது. வில்சனின் களஞ்சியங்களை 2011இல் எப்ஸ்கோ நிறுவனம் வாங்கியது. மாநிலங்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசக் கற்றபோது, எதிரே இருந்தவர்களும் ஒன்றுகூடிவிட்டார்கள்!

அமெரிக்க மாநிலங்கள் இந்த வாடகைக்கு 1996ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி கிடைக்கும் ஒன்றிய அரசு மானியத்தைப் பெரிதும் நம்பியிருந்தன. 2025 மார்ச்சில் அந்த மானியம் வழங்கும் அமைப்பையே ஒடுக்குமாறு குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. சில மாநிலங்களில் மின்னூல் சேவையும் நூலகங்களுக்கிடையே புத்தகம் அனுப்பும் சேவையும் நிறுத்தப்பட்டன. மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. நவம்பரில் ரோட் ஐலண்டு ஒன்றிய நீதிமன்றம் அந்நடவடிக்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. கொள்கையாக வென்ற ஒன்று ஒரு கையெழுத்தில் எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை அந்த எட்டு மாதங்கள் காட்டின.

நம் நாட்டிலும் இதே கணக்கு இப்போது போடப்படுகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகள். அரசு உயர்கல்வி நிறுவனங்களையும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேருக்கு. முதற்கட்டப் பட்டியலில் கிளை நூலகம் இல்லை. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கிப் பொது நூலகம் நடத்தும் சட்டத்தை 1948லேயே இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தக் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர் இந்த ஏடுகளை எப்போது திறப்பார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1971இல் கம்பி வழி தேடலுக்கு வந்த 'மெட்லைன்' மருத்துவக் களஞ்சியத்தை, 1997 ஜூன் மாதம் முதல் 'பப்மெட்' என்ற பெயரில் உலகில் எவரும் காசின்றித் தேடலாம். கட்டுரைகளின் சுருக்கம் பெரும்பாலும் கிடைக்கும். பலவற்றின் முழு வடிவமும் கிடைக்கும். கைப்பேசி போதும். ஃப்ளோரைடு என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். எத்தனை கட்டுரைகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதனுடன் குடிநீர் என்பதற்கான சொற்களைச் சேர்த்து, இரண்டும் வேண்டும் எனக் கேளுங்கள். எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.